ஓ, யு, ஜி, எச்

கோரையாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
இரவு பத்தரை.
பட்டியல் எழுதும் மேசையில்
ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்
என் வங்கித் தேர்வுப் புத்தகம்.
ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் எழுத வேண்டும்.
வயது வரம்பு இதோடு முடிகிறது.

நான்கு எழுத்து. ஓ, யு, ஜி, எச்.
முன்னால் பி, எல் போட்டால் ப்ளவ்: ஏர்.
சி போட்டால் காஃப்: இருமல்.
டி போட்டால் டஃப், கடினம்.
இன்னொரு டி போட்டால் டோ, பிசைந்த மாவு.
நம் எழுத்தில் இரண்டு டியும் ஒன்றுதான்,
அவர்களை மட்டும் குறை சொல்வானேன்.

வெளியே, கொட்டிய குவியலுக்குப் பக்கத்தில்
நாலாம் ராத்திரியாக உத்திராபதி.
தாளடி நெல், நூற்றிருபது மூட்டை தேறும்.
முந்தாநாள் ஈரப்பதம் பத்தொன்பது காட்டியது.
காயட்டும் என்றேன்.
பகலெல்லாம் அவர் காலால் கிளறிக் காய வைத்ததை
ராவெல்லாம் பனி நனைத்தது.
நெல்லுக்கு ஈரம். அவருக்கு இருமல்.

"என்னம்மா ஜி.எச்., ஜி.எச்.னு முனகுறே?
மன்னார்குடி ஜி.எச்.சுக்குப் போயிட்டுத்தான் வந்தேன்.
மருந்த வெளியில வாங்கிக்கச் சொல்லிட்டாங்க."

இது வேற ஜி.எச். என்றேன்.
தோ, ஆனாலும். த்ரூ, ஊடாக. தாட், நினைப்பு.
எழுத்தில் நிற்கும், வாயில் வராது.
கொஞ்சம் யோசித்தார்.
"போர்டு இருக்கும், டாக்டர் இருக்க மாட்டாரு."
சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜெபமாலை
ஊசியைப் பல்லில் கடித்தபடி சிரித்தார்.

இன்னொன்றும் சொன்னேன்:
ஒரு சொல்லுக்குள் முழு இருமலையும் எழுதியிருப்பார்கள்,
படித்தால் விக்கல்தான் வரும்.
உத்திராபதிக்கு அது பிடிக்கவில்லை.
இருமினார்.

எனக்கும் ஒன்று பிடிபடவில்லை.
ஸ்லவ் என்று சொன்னால் சேறு.
ஸ்லஃப் என்று சொன்னால் பாம்பு கழற்றிய சட்டை.
எழுத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.
காலையில் மோட்டார் கொட்டகை வரப்பில் கிடந்ததே,
சேற்றில் பாதி புதைந்த சட்டை,
அதை எப்படி உச்சரிப்பது?

இரண்டு மணிக்குத் தூறல்.
டிரவுட், வறட்சி, என்ற பக்கத்தில் விரலை வைத்திருந்தேன்.
எழுந்து ஓடி
ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயை இழுத்தோம்.
நாலாவது மூலைக்கு ஆளில்லை, செங்கல்.
"போதும் போதும், கிழிஞ்சிடும்," என்றார் உத்திராபதி.
இனஃப், என்றது என் வாய், தானாக.
பத்து நிமிடத்தில் நின்றது.
மழைக்கு இங்கிலீஷ்தான் புரியும் போல என்றார் ஜெபமாலை.

மறுநாள் பதினோரு மணி வெயில்.
குவியலின் அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் கருவியில் போட்டேன்.
விதிப்படி உரக்கப் படித்தேன்:
பதினேழு புள்ளி நான்கு.
பதினேழு வரைதான் எடுக்கலாம்.

ஆட். செய்ய வேண்டும், கடமை.
அதிலும் அந்த நான்கு எழுத்து உண்டு.
அதிலும் ஜி.எச். பேசுவதில்லை.

உத்திராபதி என்னைப் பார்க்கவில்லை,
கருவியையும் பார்க்கவில்லை.
செருப்பில் சிக்கிய ரெண்டு நெல்லை உதறி
குவியலோடு சேர்த்தார்.

எழுதியிருந்தும் சொல்லாமல் விடுபவற்றை
ஒரு மாதமாக மனப்பாடம் செய்கிறேன்.
வாயால் சொன்ன ஒரு புள்ளியை, ஒரு நான்கை
எழுதாமல் விட்டேன்.
பேனா அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது.

ஜெபமாலை முதல் மூட்டையைத் தராசில் ஏற்றினார்.
உத்திராபதி அந்தப் பக்கம் திரும்பி இருமினார்.
கடைசி ஃப் சரியாக வந்தது.