நாலாம் கவுண்டர்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
காசிமேட்டு போஸ்டாபீசில்
பேனா ஒன்று சணலில் கட்டிக் கிடந்தது.
கயிறு குட்டை.
உயரமானவர்கள் குனிந்து எழுதினார்கள்,
குள்ளமானவர்கள் எக்கி.
வெயிலில் மை கக்கும்,
மழை நாளில் பேச்சே இருக்காது.
உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து
வாயால் ஊதி
ஃபாரத்தின் ஓரத்தில் வட்டம் வட்டமாய்ச் சுழித்தால்
எட்டாவது சுற்றில் நீலம் வரும்.

அதையும் ஒருநாள் அறுத்துக்கொண்டு போனார்கள்.
விளக்கம் கேட்டு எனக்கு மெமோ.
விளக்கம் எழுத
பக்கத்துக் கவுண்டரில் பேனா கடன் வாங்கினேன்.

இப்போது நானே வாங்கி வைக்கிறேன்.
பாரிமுனையில் டஜன் நாற்பத்தைந்து ரூபாய்,
ஒரு டீ விலைக்கு நாலு.
கக்காது, திக்காது,
தொட்டால் எழுதும்.
எடுத்துப் போகிறவர்களை நான் கூப்பிடுவதில்லை.
திருட்டு என்று சொல்லவும்
ஒரு குறைந்தபட்ச விலை வேண்டும்போல.
விட்டுப்போகிறவர்களும் உண்டு.
சில மாதம்
வைத்ததைவிட ரெண்டு கூட இருக்கும்.

ஞானசௌந்தரிக்குத்தான் ஒத்துவரவில்லை.
ஏலத்தில் கூடை எடுத்து, விற்று,
பதினொன்றரைக்கு வருவாள், பாஸ்புக்கில் ஐந்நூறு எடுக்க.
முப்பது வயதுக்குமேல் பழகிய கையெழுத்து,
அந்தக் கயிற்றுப் பேனாவில்,
அடுத்த மூன்று தாளிலும் தடம் விழும்படி
அழுத்தி அழுத்தி.

புதுப் பேனா அவளுக்கு நிற்கவில்லை.
ஞாவின் வால் கட்டத்தைத் தாண்டி ஓடிற்று.
"இன்னா சார் இது, வெலாங்கு கணக்கா வழுக்குது."
கையெழுத்து ஒத்துப்போகவில்லை.
இன்னொரு ஃபாரம்,
இன்னொரு ஓட்டம்.
வரிசை முணுமுணுத்தது.
"கைநாட்டு வச்சிரட்டா?" என்றவள்
மைப்பெட்டியைப் பார்த்ததும்
விரலை மடக்கிக்கொண்டாள்.

பணம் எடுக்காமல் போனாள்.
பேனாவும் அவளோடு போயிருந்தது.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
சுருக்குப்பையிலிருந்து அதே பேனா,
மூடியில் காய்ந்து ஒட்டிய ஒரு செதில்.
தராசுத் தட்டில்
கடைசி இறாலை வைக்கிறவள்போல
மெல்லப் போட்டாள்.
வால் கட்டத்துக்குள் நின்றது.

பழையதோடு வைத்துப் பார்த்தேன்.
இதுவும் ஒத்துப்போகவில்லை.
இது அழகாக இருந்தது.

மாதிரிக் கையெழுத்தை மாற்ற
தனி ஃபாரம் உண்டு.
நீட்டினேன்.
நின்றவாக்கில் எழுதி முடித்தாள்.

பின்னால் நின்ற பேன்ட் சட்டைக்காரர்
பையைத் தடவிப் பார்த்துவிட்டு
"அம்மா, அந்தப் பேனா..." என்று இழுத்தார்.

கொடுத்தாள்.
மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
அவர் எழுதி முடிக்கும்வரை
அங்கேயே நின்றாள்.