பதினைந்தாவது கின்காலி

பல்வலி என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள் சியாலா.
கடைவாய்ப் பல், கீழ் வரிசை, இடப்பக்கம்.
எந்தப் பொய்க்கும் அவள் முகவரி எழுதாமல் விடமாட்டாள்.

எனக்குப் பொய் தேவைப்படவில்லை.
விடிய விடிய ரொட்டி அடுப்பின் முன் நின்றவளுக்கு
மதியம் முழுக்கச் சொந்தம்.

குட்டாயிசியில் மழை.
ரியோனி ஆறு செங்கல் கழுவின நிறத்தில் ஓடுகிறது.
பாலத்தடியில் பதினோரு படி இறங்கினால்
பெயர்ப்பலகை இல்லாத அந்த நிலவறை.
கதவைத் திறந்தவுடன் ஆவி வந்து
என் மூக்குக்கண்ணாடியைக் குருடாக்கும்.
துடைத்து மாட்டுவதற்குள்
மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டாள் லமாரா.
நாங்கள் வர ஆரம்பித்த நாளிலிருந்து ஆடுகிற மேசை.
அட்டைதான் மாறுகிறது.

"எத்தனை?"
"பதினைந்து."

ஒருத்திக்கு எட்டு, ஒருத்திக்கு ஏழு.
யாருக்கு எட்டு என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை.

வர நேரமாகும்.
உள்ளே இப்போதுதான் மாவு உருட்டுகிற சத்தம்.
பச்சைச் சோடாவை ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து,
ஒன்றுமில்லாததை எல்லாம் பேசினோம்:
கீழ்வீட்டுக்காரன் வாங்கின பியானோ படியில் சிக்கி நிற்பதை,
போலந்திலிருந்து அவள் மகன் அனுப்பின செருப்பு
இரண்டும் வலது காலுக்கே இருந்ததை.
பிறகு கொஞ்ச நேரம் பேசவும் இல்லை.
அவள் உப்புக்குப்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
நான் அவள் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது.
மிளகு தூவி, ஆவி பறக்க, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து.
குடுமியைப் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கு.
ஓரத்தில் சின்னதாய்க் கடி.
முதலில் சாறை உறிஞ்சு, பிறகுதான் மற்றது.
ஒரு சொட்டு தட்டில் விழுந்தாலும்
லமாரா அங்கிருந்தே உச்சுக்கொட்டுவாள்.
முள்கரண்டியைத் தொட்டால் பேசவே மாட்டாள்.
தின்று முடித்த குடுமிகளைத் தட்டோரம் வைக்க வேண்டும்,
கணக்குக்கும் கர்வத்துக்கும்.

என் பக்கம் ஐந்து குடுமி, அவள் பக்கம் ஆறு.
அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

கழுத்தில் கைத்துண்டு செருகி,
தனியாக, கண்ணை மூடிச் சாறு உறிஞ்சியபடி
அவ்தாண்டில்.
குடிநீர்க் கட்டணப் பிரிவின் தலைவர்.
அமைச்சகத்தில் கூட்டம் என்று
காலையில் திபிலீசிக்குக் கிளம்பிப் போனவர்.
அவர் தட்டில் பதினோரு குடுமி.

அவர் கண்ணைத் திறந்தார்.

சியாலாவின் கை தானாக எழும்பிக் கன்னத்தைப் பொத்தியது.
வலது கன்னத்தை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
என் கையிலிருந்த கின்காலி தலைகீழாய்த் தொங்கிச் சொட்டியது;
லமாராகூட உச்சுக்கொட்டவில்லை.
அவர் கைத்துண்டால் மீசையை நிதானமாகத் துடைத்தார்.
பிறகு ஒரு விரலை நீட்டி
தன் இடது கன்னத்தை
இரண்டு முறை தொட்டுக் காட்டினார்.

சியாலா கையை மாற்றிக்கொண்டாள்.

எனக்குச் சாறு மூக்கில் ஏறிவிட்டது.
மிளகோடு.
அவள் மேசைக்குக் கீழே என்னை மிதிக்கிறாள்,
மேசை ஆடுகிறது, அட்டை நழுவுகிறது,
நான் இருமுகிறேனா சிரிக்கிறேனா என்று
எனக்கே தெரியாமல் கண்ணீர் விடுகிறேன்.

பன்னிரண்டாவதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.
குடையை எடுத்தார். எங்களைத் தாண்டும்போது
"சூடானது ஆகாதாம்" என்றார் கூரையைப் பார்த்து.
படியேறிப் போய்விட்டார்.

அதன்பிறகு அவசரம் என்ன?
மூன்று மணி அடித்தது, எங்கோ நான்கும் அடித்தது.
தலைக்கு ஏழு.
நடுத்தட்டில் ஒன்று மட்டும்
தோல் இறுகிக் கிடந்தது.
நீ எடு. நீதான் எடு.
இன்றைக்குப் பயந்தவள் நீ, உனக்குத்தான்.
சிரித்தே பாதி உயிர் போனவள் நீ, உனக்குத்தான்.

பொறுக்காமல் லமாரா அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.
வெண்ணெயில் பொரித்து, குறுக்கே வெட்டி,
சாறெல்லாம் வற்றின இரண்டு பாதிகளாகக் கொண்டுவந்து வைத்தாள்.
பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு,
இரண்டு முள்கரண்டி.

மழை விட்டதா என்று பார்க்க
இருவரும் எழுந்திருக்கவில்லை.