வலது பக்கம் கொஞ்சம் இடம்

எம்.சி. ரோட்டில் கடைசி ஷட்டரும் இறங்கியபின்
எங்கள் கடையில் மட்டும் ட்யூப்லைட்.
ராயபுரத்தில் யார் செத்தாலும்
காலைக்குள் ஃப்ளெக்ஸ் வேண்டும்.

என்னிடம் ஒரு ஜோடி இறக்கை இருக்கிறது.
எங்கிருந்தோ இறக்கியது,
அன்னத்தினுடையதாக இருக்கலாம்.
ஆட்டோ சங்கத் தலைவருக்கு அதைத்தான் வைத்தேன்.
இரண்டு முறை உள்ளே போய்வந்த அண்ணனுக்கும் அதே,
கொஞ்சம் அகலப்படுத்தி.
யாரும் குறை சொன்னதில்லை.

ஜோவினாவுக்கும் வைத்தேன்.
வயது ஆறு. டெங்கு. ஸ்டான்லியில் நான்கு நாள்.
பள்ளிக்கூடப் போட்டோவில்
ரிப்பன் ஒருபக்கம் அவிழ்ந்திருந்தது.
மேகம் போட்டு, பின்னால் வெளிச்சம் போட்டு,
'சம்மனசு ஆனாள்' என்று அடித்து
திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அமலோற்பவம் அழவில்லை.
பர்ஸை மூடித் திறந்து, மூடித் திறந்து,
"றெக்கைய எடுத்துருங்க தம்பி" என்றாள்.
"சம்மனசுக்கு உடம்பு கிடையாது.
காய்ச்சல் வராது. அம்மா கிடையாது.
எம்பொண்ணுக்கு இதெல்லாம் இருந்துச்சு.
செத்தா யாரும் சம்மனசு ஆகறதில்ல,
மனுசங்க மனுசங்களாவே இருப்பாங்க.
கடைசி நாள்ல எழுந்து வர்றப்ப
முட்டியில அந்தத் தழும்போட வரணும்.
றெக்கையோட வந்தா
நான் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்?"

நானும் ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தவன்தான்.
பக்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர் என்று
ஒன்பது அணியையும் ஒப்பித்து
டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன்.
நான்காவதிலிருந்து இப்போது நினைவில்லை.

இறக்கையை எடுத்தேன். மேகத்தையும்.
முகத்தை நடுவில் கொண்டுவந்தேன்.
"நடுவுல வேணாம். இடப்பக்கமா."

காவல் சம்மனசைப் பற்றி டீச்சர் சொன்ன நாளிலிருந்து
பாதி சீட்டில்தான் உட்காருவாளாம்,
வலது பக்கம் ஒரு ஜாண் விட்டு.
காசிமேட்டு ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர் நெரிய,
"தள்ளி உக்காரு பாப்பா" என்று டிரைவர் கத்தினால்
அம்மா மடியில் ஏறிக்கொண்டு
அந்த இடத்துக்கு வந்த மீன்கூடைக்காரம்மாவிடம்
"மெதுவா" என்பாளாம்.

"அதுக்கு இப்ப வேல போயிடுச்சா தம்பி?
வேற கொழந்தைக்கு மாத்திடுவாங்களா?"

சாமியாரைக் கேளுங்கள் என்றேன்.
கேட்டிருக்கிறாள்.
ஒரு ஆளுக்கு ஒன்றுதான்,
ஆண்டவர் முகத்தைப் பார்த்தபடியே அவளையும் பார்த்திருந்தது,
இப்போது இரண்டு பார்வையும் ஒரே பக்கம் என்றாராம்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் எடம் விட்டுத்தான் படுத்திருந்தா.
நாலு நாளும் அது பாத்துக்கிட்டுதானே இருந்துச்சு?"
இதற்குச் சாமியார் என்ன சொன்னார் என்று
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

உடம்பில்லாததை வரையத் தெரியாததால் வரையவில்லை.
ஆறுக்கு நாலு.
அதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் வெள்ளை.
சதுர அடிக் கணக்கு; வெள்ளைக்கும் அதே ரேட்டா என்று
ஓனருக்குப் போன் போட்டேன்.
அதே ரேட்டு.
எண்ணிக் கொடுத்தாள்.

மூவேளை செபத்துக்கு மணி அடிக்கும்போது
அவர்கள் தெருமுனையில்
சவுக்குக் கட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
ஹார்பர் பக்கமிருந்து காற்று.
கிழியாமலிருக்க ஃப்ளெக்ஸில்
பிறை பிறையாக அறுத்துவிடுவது வழக்கம்.
முகத்தில் அறுக்கக்கூடாது, பெயரில் கூடாது.
மிச்சமிருந்தது அந்த வெள்ளைதான்.

பிளேடோடு ஏணியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு, "மெதுவா" என்று சொல்லிவிட்டு
அறுத்தேன்.

"என்னண்ணா?" என்றான் கீழே ஏணியைப் பிடித்திருந்த பையன்.
"ஒண்ணுமில்ல" என்றேன்,
"கயித்த இழு."