இலக்கம் ஒன்பது

புதிய சட்டம் எங்களை மன்னித்திருக்கிறது.
அந்தச் சொல்லையே போட்டிருக்கிறார்கள்: பொதுமன்னிப்பு.
நிலச் சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்காமல்
அவர் நிலத்தை நல்லதாக்கிய குற்றத்துக்கு.

கெடு மூன்று வருடம். அதில் இரண்டரை
ஆடுகள் ஈன்றதிலேயே போய்விட்டது.

எஸ்டேட்டிலிருந்து லோரிமர் வந்தார்,
சேறு படாத பூட்ஸ், பிளாஸ்டிக் உறைக்குள் படிவம்.
கண்ணுக்குத் தெரிந்தவை சீக்கிரம் முடிந்தன.
கொட்டகை, ஆம். கூரைத் தகடு, ஆம்.
வடக்கு வேலி யார் போட்டது என்பதில்
சற்று இழுபறி, பிறகு பாதி ஆம்.

மேல்வயலில் பாறைக்கற்கள் இருந்தன என்றேன்.
"எங்கே?"
"இப்போது இல்லை. அதைத்தான் சொல்கிறேன்."
இல்லாத கல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
அப்பா முதுகு பிடித்துப் படுத்த குளிர்காலம்
எனக்குத் தெரியும்,
அது ரசீது ஆகாது.

ஒன்பதாவது: மண்ணடி வடிகால்.
சுட்ட களிமண் குழாய், முந்நூற்றுப் பத்து கெஜம்,
மூன்றடி ஆழம், அறுபத்தெட்டில் தோண்டியது.
"வரைபடம்?"
அப்பாவின் தலைக்குள் இருந்தது.
அந்தத் தலை இப்போது கல்லோவே மண்ணில்,
குழாயைவிட மூன்றடி கீழே.

லோரிமர் கெட்டவர் இல்லை.
புல்லைப் பார்த்தார். புல் புல்லாகத்தான் இருந்தது.
ஒரு வயல் சதுப்பாகாமல் இருப்பதை
எந்தச் சாட்சி வந்து சொல்லும்?

கொட்டகைக்குப் போய்
ஆட்டு முதுகில் குறிபோடும் நீலச் சாயம்
ஒரு வாளி நிறையக் கரைத்து
மேல் மூலைத் தொட்டியில் கவிழ்த்தேன்.
ஓடைக்கரைக்கு இறங்கி நின்றோம்,
கோரைக்குள் மறைந்த குழாய்வாய்க்கு எதிரே.
மழை. பத்து நிமிடம். இருபது.
அவர் கடிகாரம் பார்த்தார். நான் பார்க்கவில்லை,
பார்த்தால் அப்பாவைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

முப்பத்தேழாவது நிமிடம்
குழாய் ஒருமுறை இருமியது.
முதலில் மெல்லிய இழை,
மணிக்கட்டு நரம்பின் நிறத்தில்,
பிறகு
நீலம்.

பேனா மூடியைப் பல்லால் கழற்றி
"இயங்குகிறது" என்று எழுதினார்.
மதிப்பு என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டார்.
அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

சாயங்காலம் கீழ்ப்பண்ணை மக்கில்ரேத்திடமிருந்து போன்:
என் மாடுகள் நீலத் தண்ணீர் குடிக்கின்றன,
என்ன எழவு அது?

இலக்கம் ஒன்பது, என்றேன்.
தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்.