நாற்பத்தேழு கிலோ

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டுமாம்.
பயனாளிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம்,
ஓர் எண் மட்டுமே அதற்குள் போகும்.
அக்ராவில் மழை. தகரக் கூரைமேல்
யாரோ சோளம் கொட்டுகிறார்கள்.
மின்விசிறி நின்றுவிட்டது. எழுதுகிறேன்.

முதல் ஆண்டு பன்னிரண்டு தையல் எந்திரம் வாங்கினோம்.
சந்தையில் சுமை தூக்கும் வடக்கத்திப் பெண்கள்
ஆறே மாதத்தில் தையற்காரிகள் ஆவார்கள் என்று
நான்தான் எழுதினேன், நல்ல ஆங்கிலத்தில்.
படம் எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தோம்.
மறுவாரம் வகுப்புக்கு வந்தது மூன்று பேர்,
அதிலும் ஒருத்தி மழைக்கு ஒதுங்கியவள்.
பகலெல்லாம் தைத்தால்
இரவுச் சோற்றை யார் சுமந்து வருவது?
நாங்கள் கேட்கவில்லை.
அதைக் கேட்க ஒரு கட்டம் இல்லை.

வும்பினிதான் ஒருநாள் அலுவலக வாசலில்
அலுமினிய அன்னக்கூடையை இறக்கிவைத்து
சும்மாட்டுத் துணியால் முகம் துடைத்தபடி
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
அவள் பேசுவது தக்பானி. என் வீட்டில் கா.
நடுவில் நின்று அசாரா மொழிபெயர்த்தாள்,
தன் பங்குக்குக் கொஞ்சம் வசவும் சேர்த்து.
"உங்களிடம் தராசு இருக்கிறதா?"

தராசா?

"தராசுதான். கிழங்கு மூட்டை நிறுப்பார்களே, அது.
விற்கிறவர் நிறுக்கிறார், வாங்குகிறவர் நிறுக்கிறார்,
லாரிக்காரரும் நிறுக்கிறார்.
என் தலைக்கு வந்ததும் மட்டும்
எல்லோருக்கும் கண்ணாலேயே எடை தெரிந்துவிடுகிறது.
இவ்வளவுதானே என்கிறார்கள்.
இவ்வளவு என்றால் எவ்வளவு?
அது தெரிந்தால் போதும்.
மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம்."

செலவுத் திட்டத்தைப் புரட்டினேன்.
எந்த வரியிலும் தராசு இல்லை.
இரண்டு எந்திரங்களை விற்றோம்.
இதுவரை யாருக்கும் சொல்லவில்லை,
இப்போது எழுதிவிட்டேன்.

வெங்காயக் கொட்டகை ஓரம் அது வந்து நின்றது.
மேடைத் தராசு, பழசு, பச்சைச் சாயம் உரிந்தது.
முதலில் ஏறியது மூட்டை அல்ல,
சனாத்துவின் மகள், பதினொரு மாதம்.
எட்டு கிலோ. கைதட்டினார்கள்.
பிறகு சனாத்து ஏறினாள், சுமையோடு.
இறக்கிவிட்டு ஏறினாள், வெறுமனே.
அசாரா கரித்துண்டால் சுவரில் கழித்தாள்.
நாற்பத்தேழு.

யாரும் கைதட்டவில்லை.

ஐந்து வருடம் தன் கழுத்து தாங்கியதற்கு
ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் கேட்டாள்.
தக்பானியில் அந்த எண்ணை
வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
பிறகு இன்னொரு முறை, உரக்க,
மூட்டைக்காரர் பக்கம் திரும்பி.

பத்துக் கிலோவுக்கு இன்ன கூலி என்று
அவர்களே முடிவு செய்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.
மூன்று நாள் ஒருத்தியும் தலை கொடுக்கவில்லை.
தக்காளி அழுகத் தொடங்கியதும்
பேச்சு கனியத் தொடங்கியது.

எல்லாம் கனியவில்லை.
நான்கு கடைக்காரர்கள் தள்ளுவண்டிப் பையன்களுக்கு மாறினார்கள்.
மெமுனாத்து பஸ் ஏறி வடக்கே போய்விட்டாள்,
சொல்லிக்கொள்ளவில்லை, போனும் எடுப்பதில்லை.
ஒரு திங்கட்கிழமை தராசின் அடியில்
யாரோ செருகிய மரத்துண்டு இருந்தது.
கண்டுபிடித்தவள் வும்பினி.
அதன்பின் காலைதோறும்
சனாத்துவின் மகளை ஏற்றித்தான் தராசைச் சோதிக்கிறார்கள்.
பிள்ளை வளர்கிறதே, இது என்ன எடைக்கல் என்கிறாள் அசாரா.
வளர்வதையும் சுவரில் குறித்துவைக்கிறார்கள்.

பயனாளிகள் எத்தனை பேர்?
மெமுனாத்துவைச் சேர்ப்பதா, கழிப்பதா?
மழைக்கு ஒதுங்கியவளை?
இரண்டு எந்திரத்தைப் பழைய விலைக்கு வாங்கி
இப்போது என் சட்டையையும் தைத்துத் தருகிற
முக்குத் தையற்காரரை?
என்னை எந்தப் பக்கம் எழுதுவது?

மழை விட்டிருக்கிறது.
கதவில் சனாத்து. பக்கத்து அறையில் கூட்டமாம்,
முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்களாம்,
நாற்காலி போதவில்லையாம்.
அவள் பார்ப்பது என் நாற்காலியை.

எழுந்து கொடுத்துவிட்டேன்.
ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து
மிச்சத்தை நின்றபடி எழுதுகிறேன்.