அளவு நாடா

பிட்கோஷ்ச் நகரில், பனி மூடிய டிராம் தடத்தில்
முழங்காலுக்குக் கீழே முடிந்துபோனேன். பதினாறு வயது.
பிறகு பன்னிரண்டு வருடம்,
ஏழு பிளேடுகள்,
ஒரு வெண்கலம்.
அம்மா அதைக் கசகசா டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்,
விருந்தாளி வந்தால் மட்டும் முன்னால்.

காலையில் இரண்டு உறை, மாலையில் நான்கு:
ஓட ஓடச் சுருங்குகிறது மிச்சக் கால்.
பட்டறையில் கிண்ணத்தை இழைத்தபடி
"இனிமேல் கழலாது" என்பார் ஸ்டாஹுர்ஸ்கி.
ஏழு முறையும் அதையேதான் சொன்னார்.

கடைசிப் போட்டி, ஐந்தாம் தாவல்.
பலகையை மிதித்தேன், களிமண்ணில் கீறல் இல்லை.
காற்றிலேயே தெரிந்துவிட்டது
இடப்பக்கம் லேசாகிவிட்டதென்று.

நான் விழுந்தது ஐந்து மீட்டர் பத்தொன்பதில்.
கால் விழுந்தது நான்கு முப்பதில்.
விதி எனக்கும் தெரியும்:
பலகைக்கு எந்தத் தடம் பக்கமோ, அதுதான் அளவு.

மணலைத் தட்டிவிட்டு
நொண்டியடித்துப் போய் எடுத்தேன்.
நடுவர் என் முகத்தைப் பார்க்காமல்
நாடாவை இழுத்துப் பிடித்தார்.

எனக்கோ சிரிப்பு.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
அதை நான்
முந்தியிருக்கிறேன்.