ஒன்று மூன்றுக்கு, இரண்டு ஆறுக்கு

மார்த்தாண்டத்தில் எங்கள் ஸ்டுடியோ ஜன்னல் உயரத்தில்தான்
மேம்பாலத்து லாரிகள் போகும்.
இன்று பங்கு பிரிக்கிறோம்.
கேமரா அவனுக்கு, லைட்டுகள் எனக்கு,
பன்னிரண்டு வருஷக் கல்யாணங்கள் இருவருக்கும்.

சுவிட்ச் பெட்டி நேற்றைய இடியில் செத்தது.
இனி ஒரே கேபிள், நேருக்கு நேர்.
இரண்டும் பழைய மெஷின்,
தானாகப் புரிந்துகொள்ளத் தெரியாதவை.

ரெஜின் உறையைச் சீவினான்.
எட்டு இழைகளையும் நகத்தால் நீவினேன்:
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்…
இரு முனையிலும் அதே வரிசை.
கிரிம்பர் இருமுறை கடித்தது.
விளக்கு எரியவில்லை.

"வாயும் வாயும் பாத்து இருந்தா
எப்பிடி மக்கா கேக்கும்?"
மூன்று வாரத்தில் அவன் பேசிய முதல் பேச்சு.

ஒரு முனையை வெட்டி எறிந்தோம்.
ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சை,
பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு.
நீலமும் பிரவுனும் அசையவில்லை.

விளக்கு துடித்தது.
கருங்கல் மணப்பெண் முதலில் கடந்தாள்,
அப்புறம் அருமனை,
அப்புறம் திக்கணங்கோட்டில் மழைக்குச் சரிந்த பந்தல்,
அதன் காலைப் பிடித்தபடி
தொப்பலாய் நனைந்து சிரிக்கிற நாங்கள் இருவர்.
கேமராவை யாரோ சின்னப்பையன்
வாங்கி அமுக்கியிருக்கிறான், எங்கள் தலை பாதிதான்.

மீதம்
இரண்டு மணி பதினோரு நிமிடம் என்றது திரை.

ரெஜின் கீழே இறங்கிப் போய்
இரண்டு கட்டன்சாயா கொண்டுவந்தான்.
என்னுடையதில் சீனி இல்லை.

நான் சீனியை விட்டது
போன வாரம்தான்.